இறுகும் என்றால் எவ்வளவு

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு நான் மூன்று பதில்கள் வைத்திருந்தேன். கோயில் கேன்டீனில் சந்திக்கும் ஆன்ட்டிகளுக்கு, "ஹாஸ்பிடல்ல டேட்டா வேலை ஆன்ட்டி." ஐடியில் இருப்பவர்களுக்கு, "ரிஸ்க் மாடல் கட்டறோம்." டாக்டர்களுக்கு மட்டும் முழு வாக்கியம்: மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளும் பெண்களில் பல ஆண்டுகள் கழித்து யாருக்குப் பின்விளைவு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கிறோம். இந்த மூன்றாவது பதிலை நான் உறவினர் யாரிடமும் சொன்னதில்லை. சித்திக்கு மார்பில் கட்டி வந்த பிறகுதான் சொல்ல வேண்டி வந்தது.

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஈஸ்ட் பிரன்ஸ்விக்தான். ஒரு மருந்து கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். மாத்திரை கடைக்குப் போகும் முன், அதில் இருக்க வேண்டியது இருக்கிறதா, இருக்கக் கூடாதது இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. நான் மேற்படிப்புக்கு நியூ ஜெர்சி வந்த காலத்திலிருந்து சனிக்கிழமை சாப்பாடு அவள் வீட்டில்தான். வழக்கமான மேமோகிராமில் இடது பக்கம் ஏதோ தெரிந்தது. ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்தார்கள்; புற்றுநோய்தான். கட்டியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை, அக்குளுக்கும் பரவவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். அடுத்தது கதிர்வீச்சு என்று எனக்குத் தெரியும்.

கதிர்வீச்சு டாக்டரைப் பார்க்க நான்தான் கூடப் போனேன். சித்தப்பா கார் நிறுத்துமிடம் வரை வந்தார். "நான் பார்க்கிங்லயே இருக்கேனே" என்றார். சித்தி, "ஏசி போட்டுண்டு இருங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

டாக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். நிதானமாகப் பேசினார். முழு மார்புக்கும் கதிர்வீச்சு உண்டு, அதில் கேள்வியே இல்லை. முடிவெடுக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் சில நாட்கள் கூடுதலாகக் கொடுப்பதற்கு பூஸ்ட் என்று பெயர். அதைக் கொடுத்தால் அதே இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு குறையும். ஆனால் வருடங்கள் போன பிறகு அந்த இடம் இறுகிப்போகும், மார்பு சுருங்கும் வாய்ப்பு கூடும். சித்தியின் வயதுக்கும் கட்டியின் வகைக்கும் எடுத்துக்கொள்வதும் சரி, வேண்டாம் என்பதும் சரி. "கதிர்வீச்சுக்குத் திட்டமிடும் ஸ்கேன் அடுத்த வாரம். அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

இரண்டும் சரி என்று ஒரு டாக்டர் சொல்வதை எங்கள் மக்கள் தாங்கமாட்டார்கள். "நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று உடனே கேட்பார்கள். சித்தி கேட்கவில்லை. கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தாள். லிஃப்டுக்குள் போனதும் என்னிடம் கேட்டாள்.

"உன் மாடல்ல என் நம்பர் என்னடி?"

"சித்தி, அது அப்படி எடுத்துச் சொல்ற விஷயம் இல்ல."

"ஏன், ரகசியமா?"

"ரிசர்ச். பேஷன்ட்டுக்கு யூஸ் பண்ண அப்ரூவல் இல்ல."

"நான் பேஷன்ட் இல்லடி. சித்தி."

அன்று மாலை அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். எங்கள் வேலையில் இரண்டு வகைத் தகவல்கள் உண்டு. முதல் வகை, சாதாரணமாகக் கேட்டே தெரிந்துகொள்ளக்கூடியவை: மார்பின் அளவு, சர்க்கரை இருக்கிறதா, புகைப்பிடிக்கும் பழக்கம், கீமோ எடுத்தார்களா, பூஸ்ட் கொடுத்தார்களா. இரண்டாவது வகைக்கு ரத்தம் வேண்டும். சிலரின் உடம்பு கதிர்வீச்சைத் தாங்கிக்கொள்கிறது, அதே அளவு வேறொருவருக்குத் தழும்பாக நின்றுவிடுகிறது. அந்த வித்தியாசம் ரத்த அணுக்களில் முன்பே தெரியுமா என்பதுதான் கேள்வி.

"சாம்பிள் என்ன பண்ணுவீங்க?" என்றாள். தொழில் புத்தி வந்துவிட்டது அவளுக்கு.

"லிம்ஃபோசைட்ஸ்னு ரத்தத்துல இருக்கற வெள்ளை அணு மேல ரேடியேஷன் குடுத்து, எவ்வளவு செல் சாகுதுன்னு எண்ணுவாங்க."

"நெறைய செத்தா கெட்டதா?"

"நேர்மாறு. நெறைய செத்தா, பின்னாடி இறுகற சான்ஸ் கம்மின்னு பார்த்திருக்காங்க."

"ஏன் அப்படி?"

"சரியாத் தெரியல சித்தி."

"இந்த விஷயத்துல சரியாத் தெரியலன்னு சொல்ற ஒரே ஆளு நீதான். எங்க வாட்ஸ்அப் குரூப்ல எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு." பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். "சரி, என்னை மாதிரி எத்தனை பேர் இருக்காங்க உன் டேட்டால?"

"உன்னை மாதிரின்னா?"

"என் கலர். என் வயசு. என் சர்க்கரை."

"கம்மி."

"கம்மின்னா?"

"சொல்ல வெட்கமா இருக்கற அளவுக்குக் கம்மி."

"அப்ப இது மாத்திரைக்குன்னு சோதிச்சு வெச்ச மெத்தட்ல சிரப்பை ஓட்டற கதை. எங்க குவாலிட்டி ஆடிட்டர் பார்த்தா என்னைத் தூக்கி ரூட் எய்ட்டீன் ஹைவேல போட்டுடுவான்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு, வேறு குரலில், "இருந்தாலும் சும்மா ஒரு தடவை ஓட்டிப் பாரேன்" என்றாள்.

நான் ஓட்டவில்லை. ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். ரத்தம் இல்லாமலே, முதல் வகைத் தகவல்களை மட்டும் வைத்துக்கூட ஒரு எண் வரும். லேப்டாப் என் பையில்தான் இருந்தது. ஆராய்ச்சி விதி என்னைத் தடுத்தது உண்மை. ஆனால் விதியைவிட இன்னொன்று பெரிதாக இருந்தது. எண் அதிகம் என்று வந்தால் சித்தி பூஸ்ட்டை மறுப்பாள். பின்னால் நோய் அதே இடத்தில் திரும்பினால்? எண் குறைவு என்று வந்தால் எடுத்துக்கொள்வாள். பின்னால் கல்லாக இறுகினால்? மாடல் பேசுவது ஒரு கூட்டத்தைப் பற்றி. இதைப் போன்ற நூறு பெண்களில் இத்தனை பேருக்கு என்று அது சொல்லும். அதைக் கேட்கும் பெண்ணுக்குத் தன் ஒரு மார்பைப் பற்றி மட்டும்தான் காதில் விழும். அது அவள் தவறு அல்ல. அவளிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.

சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் சித்தி மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை கேள்வி வேறு.

"இறுகும் இறுகும்னு எல்லாரும் சொல்றீங்களே. இறுகும்னா எவ்வளவுடி? பிசைஞ்ச மாவு மாதிரியா, பலகை மாதிரியா? நெட்ல போட்டோ பார்த்தா தூக்கம் போயிடறது."

எங்கள் தரவு அட்டவணையில் அதற்கு ஒரு நெடுவரிசை உண்டு. இல்லை, லேசாக, மிதமாக, கடுமையாக என்று நான்கு சொற்கள். அந்தச் சொற்களை எண்களாக மாற்றி, விடுபட்டவற்றை நிரப்பி, வரைபடம் போட்டு, கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். 'மிதமாக' என்று எழுதியிருந்த ஒரு மார்பைக்கூட நான் தொட்டதில்லை. தொடவேண்டும் என்று எனக்குத் தோன்றியதுமில்லை. என் வேலை அதற்குப் பிறகுதானே தொடங்குகிறது.

"கோயம்புத்தூர் ஆன்ட்டிக்கு இதே மாதிரி வந்துதே" என்றாள் சித்தி. பக்கத்துக் குடியிருப்பில் இருப்பவர். சித்தியைவிட மூத்தவர். சில ஆண்டுகளுக்கு முன் இதே சிகிச்சை எடுத்துக்கொண்டார். பூஸ்ட்டும் உண்டு. நவராத்திரிக்குப் போனால் பத்து வகைச் சுண்டலுக்கு நடுவில் சிரித்துக்கொண்டு நிற்பவர். அவருக்கு அப்படி ஒன்று வந்ததையே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள்.

மறுநாள் ஒரு டப்பா இட்லி மாவு எடுத்துக்கொண்டு போனோம். கதவைத் திறந்தது அங்கிள். விஷயத்தைச் சித்தி போனிலேயே சொல்லியிருந்ததால் நாங்கள் உட்காருவதற்கு முன்பே அவர் பதில் சொல்லிவிட்டார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. இவளுக்கு ஜீரோ சைட் எஃபெக்ட். ஆல் ஃபைன். வருசா வருசம் ஹாஸ்பிடல்ல இருந்து கேள்வித்தாள் ஒண்ணு ஈமெயில்ல வரும். எல்லாத்துக்கும் 'நாட் அட் ஆல்'னு நானே டிக் பண்ணி அனுப்பிருவேன். ரெண்டு நிமிசம்."

ஆன்ட்டி கொடுத்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன். அது எங்கள் மருத்துவமனையின் கேள்வித்தாள் அல்ல. ஆனால் நாங்கள் அனுப்புவதும் அதே போன்றதுதான். மார்பு இறுகியிருக்கிறதா, அளவு மாறியிருக்கிறதா, கை தூக்கினால் இழுக்கிறதா. நோயாளியே தன் வாயால் சொன்னது என்று நாங்கள் தனி மரியாதை கொடுத்து வைத்திருக்கும் நெடுவரிசைகள் அவை.

ஆன்ட்டி அங்கிளைப் பார்த்தார். "ஏனுங்க, காபிக்குப் பால் இல்லீங்க. ஒரு எட்டு போயி வாங்கிட்டு வந்துருங்க."

"நேத்துதானே கேலன் வாங்கினேன்?"

"அது தீந்துபோச்சுங்க."

அங்கிள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கார் நகரும் சத்தம் கேட்டதும் ஆன்ட்டி ஃபிரிட்ஜைத் திறந்து பாலை எடுத்துக் காபி போட்டார். பாதிக்கு மேல் இருந்தது. "அவரு நல்லவருங்க. டிரைவ் பண்ணுனாரு, சமைச்சாரு, எல்லாம் பண்ணுனாரு. ஆனா இத எப்படிங்க அவரை வெச்சுட்டுப் பேசறது? மேல வாங்க."

மாடியில் துணி அலமாரியைத் திறந்து ஒரு அடுக்கு ரவிக்கைகளைக் கட்டிலில் போட்டார். எல்லாம் பட்டுப்புடவைக்குத் தைத்தவை. ஒரு முறைதான் உடுத்தியது போலப் புதிதாக இருந்தன.

"போன வருசம் அண்ணன் பையன் கல்யாணம். ஊருக்குப் போறவங்க கையில துணியும் அளவு ரவிக்கையும் குடுத்தனுப்புனேன். எந்த ரவிக்கைய? இந்தச் சீக்கு வர்றதுக்கு முந்தி தெச்சத. நல்லாப் பொருந்தி இருந்தது அதுதானேன்னு குடுத்துட்டேன். டெய்லர் என்ன பண்ணுவான், நூல் புடிச்ச மாதிரி அதே அளவுக்குத் தெச்சுட்டான். கல்யாணத்தன்னிக்குக் காலைல போட்டுப் பாக்கறேன், வலது பக்கம் கச்சிதமா இருக்குது, இடது பக்கம் காத்துப் போன பலூனாட்ட தொங்குது."

"ஐயையோ" என்றாள் சித்தி.

"ஐயையோதான். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. பேரன் சாக்ஸ் ரெண்டைச் சுருட்டி உள்ள வெச்சுட்டுப் போயி முன்வரிசைல உக்காந்துட்டேன். போட்டோல பாத்தா எனக்குத்தான் தெரியும்."

மூவரும் சிரித்தோம். சித்திக்குக் கண்ணில் நீர் வரும் வரை சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்தேன். ஆனால் என் தலைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்தது சிகிச்சைக்கு முந்தைய அளவு. பக்கத்தில் நிற்பது இன்றைய அளவு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. இதே பெண்ணை ஒரு மருத்துவமனை பூஜ்யம் என்று பதிந்து வைத்திருக்கிறது.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா ஆன்ட்டி?"

"என்னன்னு சொல்றது கண்ணு? ரவிக்கை லூசாயிருச்சுன்னா? வலிக்குதான்னு கேட்டாங்க. வலியில்ல, இல்லைன்னேன். தோலு செவந்திருக்கான்னு பாத்தாங்க. எந்தக் காலத்துல என் தோலு செவந்திருக்குது?"

சிவப்பைத் தரம் பிரிக்க எங்கள் குழு வைத்திருக்கும் மாதிரிப் படங்கள் எல்லாமே வெளுத்த தோலில் எடுத்தவை. ரத்தத்தில் என்ன தேடுவது என்று நாங்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். யாருக்குப் பின்விளைவு வந்தது, யாருக்கு வரவில்லை என்ற மறுபக்கம் சரியாக இருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். அது சரியில்லை என்றால், என் மாடல் கற்றுக்கொண்டது பெண்களின் உடம்பைப் பற்றி மட்டும் அல்ல. கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள், யார் வீட்டில் கணவர் டிக் அடிப்பார் என்பதைப் பற்றியும்தான்.

சித்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இறுகினா எப்படி இருக்கும்னு... அதுதான் எனக்கு..."

"தொட்டுப் பாருங்க" என்றார் ஆன்ட்டி.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, திரும்பி நின்று நைட்டியின் ஜிப்பை இறக்கினார். சித்தி கையை நீட்டுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். பிறகு விரல் நுனிகளால் மெதுவாகத் தேடினாள். ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிகளைத் தொடுவது போலத்தான் தொட்டாள்.

"இங்கயா?"

"இன்னும் கீழ. ஆங், அங்கதான்."

சித்தியின் விரல்கள் நின்றன. கொஞ்சம் அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். அடுத்த வீட்டில் யாரோ புல் வெட்டும் சத்தம் கேட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"எனக்கு இவ்வளவுதானுங்க. குளுருல கொஞ்சம் இழுக்கும். கார்ல பெல்ட்டு போட்டா உறுத்தும். அப்பறம் ஏதாச்சும் வேலை வந்துரும், மறந்துருவேன்." என் பக்கம் திரும்பினார். "நீயும் பாரு கண்ணு. கணக்குப் போடறது நீதானே."

நானும் தொட்டேன். கையை இறுக்கி மூடிக்கொண்டு, கட்டை விரலுக்கு அடியிலிருக்கும் சதையை மறு கையால் அழுத்திப் பார்த்தால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படி. பலகை இல்லை. மாவும் இல்லை. சுற்றியிருந்த இடமெல்லாம் வெதுவெதுப்பாக, மென்மையாக இருந்தது. அந்த இடமும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. எங்கள் நான்கு சொற்களில் இது எது என்று மனம் தானாகத் தேடியது. 'மிதமாக' என்று நினைக்கிறேன்.

"பயமா இல்லையா உங்களுக்கு?" என்று சித்தி கேட்டாள்.

"திரும்ப வந்துருமோன்னு பயம் இருக்குதுங்க. ஒவ்வொரு மேமோகிராமுக்கும் ரிசல்ட்டு வர்ற வரைக்கும் போனையே பாத்துட்டு இருப்பேன். இதுக்கு என்ன பயம். இது போட்ட மருந்தோட தடம்."

அங்கிள் பாலோடு திரும்பி வந்தபோது நாங்கள் கீழே உட்கார்ந்து இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தோம். கோப்பைகளைப் பார்த்தார், பாலைப் பார்த்தார். பாலை ஃபிரிட்ஜில் வைக்கப் போனார்.

வரும் வழியில் சித்தி கார் ஓட்டினாள். சிக்னலில் நின்றபோது, "போட்டுக்கறேன்" என்றாள்.

"பூஸ்ட்டா?"

"ம்."

"சித்தி, ஆன்ட்டிக்கு இருக்கற மாதிரியே உனக்கும் வரும்னு இல்ல. அதிகமாவும் வரலாம். உனக்குச் சர்க்கரை வேற."

"தெரியும்டி. ஒரு சாம்பிள்தான். அதை வெச்சு ரிப்போர்ட் எழுத மாட்டேன்." பச்சை விழுந்தது. "ஆனா இத்தனை நாளா எதுன்னே தெரியாத ஒண்ணு வருமா வராதான்னு பயந்துண்டிருந்தேன். இப்ப அது என்னன்னு கைக்குத் தெரியும். அதுக்கு மேல வந்தா, வந்தப்பறம் பார்த்துக்கறேன். கட்டி திரும்ப வந்தா அப்படிப் பார்த்துக்க முடியாது."

அடுத்த வாரம் ஸ்கேனுக்கு முன் டாக்டரிடம் சொன்னாள். சிகிச்சை நடந்தது. ஒரு நாள்கூட விடவில்லை. காலையில் கதிர்வீச்சு, அங்கிருந்து நேராக ஆபீஸ். கடைசி வாரம் மட்டும் அசதியில் சோபாவிலேயே தூங்கிப்போனாள். சனிக்கிழமை சமையலை நான் செய்தேன். ரசத்தில் உப்பு குறைவு என்று எழுந்து உட்கார்ந்து சொன்னாள்.

என் வேலையிடத்தில் நான் ஒரு கூட்டத்தில் பேசினேன். எங்கள் கேள்வித்தாளை யார் நிரப்புகிறார்கள் என்று நமக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளவே சில கூட்டங்கள் ஆயின. பிறகு மேலே ஒரு கட்டம் சேர்த்தோம்: இதை நிரப்புவது நீங்களா, வேறு யாருமா? ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாதவர்களில் ஒரு பகுதியினரைப் பெண் மொழிபெயர்ப்பாளர் போனில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது என்று முடிவானது. மாடலின் துல்லியம் அதனால் கூடவில்லை. கொஞ்ச காலத்துக்குக் குறையத்தான் செய்யும். அதை ஒரு முன்னேற்றமாக எழுதி நிதி கேட்பது எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

இரண்டு வருடங்கள் போயின. இந்தக் குளிர்காலத்தில் சித்திக்குத் தழும்புக்குக் கீழே ஓரிடம் கெட்டியாகியிருந்தது. குளிக்கும்போது அவளாகவே கண்டுபிடித்தாள். டாக்டரிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் இல்லை, கதிர்வீச்சின் இறுக்கம்தான். 'நோய் இல்லை' என்ற அந்த இரண்டு சொற்கள் வரும் வரை சித்தி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

டாக்டர் கணினியின் பக்கம் திரும்பினார். இது உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டார். ஆபீஸில் பேசும் அதே ஆங்கிலத்தில் சித்தி பதில் சொன்னாள். எங்கே, எந்தத் திசையில், ஏறக்குறைய எவ்வளவு அகலம், எந்த மாதத்திலிருந்து, குளிரில் எப்படி, கை தூக்கினால் எப்படி. டாக்டர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

"ஆனால் தொந்தரவு?" என்றார் மறுபடி.

"தொந்தரவு இல்லை" என்றாள் சித்தி. "ஆனால் இருக்கிறது. இருக்கிறது என்றே எழுதிக்கொள்ளுங்கள்."